கோவில் கட்டியவர்களும் பத்திரம் வைத்திருந்தவர்களும்

சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்திலிருந்து கென்னடி விரைவுச்சாலையில் நகர மையத்துக்கு வந்தால், டிவிஷன் தெருவை நெருங்கும்போது ஒரு பெரிய மஞ்சள் செங்கல் கோவில் சாலையை உரசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சாலைதான் அந்த இடத்தில் ஒதுங்கிப் போகிறது. 1950-களில் முதலில் போட்ட திட்டப்படி போயிருந்தால் அந்தக் கோவில் இடிபட்டிருக்கும். பங்கு மக்களும் (பங்கு என்றால் ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த கத்தோலிக்கர்களும்) போலந்து வம்சாவளி அரசியல்வாதிகளும் விடாமல் எதிர்த்ததால் பாதையைத் திருப்பினார்கள். கோவில் தப்பியது. சுற்றியிருந்த வீடுகள் பல தப்பவில்லை. அந்த வீடுகளில் இருந்தவர்கள்தான் கோவிலின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

அது புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்ட்கா கோவில். 1867-ல் தொடங்கிய பங்கு, சிகாகோவில் போலந்துக்காரர்களின் முதல் பங்கு. 1890-களில் அந்த ஒரே பங்கில் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். உலகத்திலேயே பெரிய கத்தோலிக்கப் பங்குகளில் ஒன்று என்று அப்போது அதைச் சொன்னார்கள். ஞாயிறு அன்று 12 பூசைகள். மேல்தளத்தில் ஆறு, கீழ்தளத்தில் ஆறு.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். இந்தப் பக்கம் குடிவந்த பிறகு, பூசைக்குப் போகிற சாக்கில் பழைய கோவில்களைத் தேடிப் போகத் தொடங்கினேன். முதலில் இழுத்தவை கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளும்தான். அப்புறம் கண்ணாடிகளின் அடியில் உள்ள சின்ன எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு கோவிலில் எல்லாம் போலிஷ், இன்னொன்றில் ஜெர்மன், வேறொன்றில் செக். கொடுத்த குடும்பத்தின் பெயர், அல்லது ஜெபமாலைச் சங்கம், இளைஞர் சபை, இறந்தவர்களை அடக்கம் செய்ய உதவும் ஏதோவொரு சங்கம். பெரிய முதலாளிகளின் பெயர்கள் அரிது. பெரும்பாலும் தோல் பதனிட்டவர்கள், மாடு அறுத்தவர்கள், இரும்பாலையில் நின்றவர்கள், வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கொடுத்த காசு.

அதைப் படிக்கப் படிக்க எனக்குள் ஒரே கேள்விதான் வளர்ந்தது. இந்தக் கோவில்கள் யாருடையவை?

சட்டம் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடும். சிகாகோ மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) பொறுப்பிலுள்ள பகுதியின், பங்குக் கோவில்களும் பள்ளிகளும் ‘சிகாகோ கத்தோலிக்க ஆயர்’ என்ற ஒரே சட்டப் பெயரில் இருக்கின்றன. ஆயர் மாறுவார், அந்தப் பெயர் மாறாது. 1840-களிலேயே இலினாய் மாநிலம் தந்த ஏற்பாடு இது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரை ஊர்களில் முன்பு கோவில் சொத்து பொதுநிலையினரின், அதாவது குருக்கள் அல்லாத சாதாரண விசுவாசிகளின், குழுக்களிடம் இருந்தது. பிடிக்காத குருவை வாசலில் நிறுத்திவிட்டு, பிடித்தவரைத் தாங்களே அமர்த்திக்கொண்ட குழுக்களும் உண்டு. ஆயர்கள் அந்தச் சண்டைகளில் சூடுபட்டவர்கள். மேற்கே புது மறைமாவட்டங்கள் அமைத்தபோது பத்திரத்தைத் தொடக்கத்திலேயே தங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் சிகாகோவின் முதல் பங்கே மேலிருந்து வந்த உத்தரவால் உருவானதல்ல. 1833-ல் அது சில நூறு பேர் மட்டும் இருந்த சதுப்பு நிலக் குடியிருப்பு. அங்கிருந்த கத்தோலிக்கர்கள் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த ஆயர் ரொசாட்டிக்கு ஒரு மனு எழுதி, எங்களுக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். செயின்ட் சிர் என்ற இளம் பிரெஞ்சுக் குரு வந்தார். புனித மரியாள் பெயரில் ஒரு மரக் கோவில் எழும்பியது. 1843-ல் மறைமாவட்டம், 1880-ல் பேராயரின் தலைநகர்.

நடுவில் நடந்தது மக்கள் வெள்ளம். மிச்சிகன் ஏரியையும் இலினாய் ஆற்றையும் இணைக்கும் கால்வாயை 1836-லிருந்து 1848 வரை வெட்டியவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் கூலிகள். அவர்கள் தங்கிய இடங்களில் கோவில்கள் முளைத்தன. நகரத்துக்குள் 1846-ல் புனித பத்திரிக் பங்கு, அதே ஆண்டு ஜெர்மானியர்களுக்குப் புனித பேதுரு, புனித சூசையப்பர் என்று இரண்டு. 1852-ல் வடக்கே புனித மிக்கேல். நிலம் கொடுத்தவர் மைக்கேல் டைவர்ஸி என்ற பீர் ஆலைக்காரர். அவருடைய பெயரைக் கொண்ட புனிதர்தான் பங்கின் பாதுகாவலர் ஆனார். புனித மிக்கேலின் மணிச்சத்தம் கேட்கும் தூரம் வரைக்கும்தான் ஓல்டு டவுன் என்று இன்றும் அந்தப் பகுதிக்காரர்கள் எல்லை சொல்வார்கள்.

கத்தோலிக்க வழக்கப்படி பங்கு என்பது நிலத்தின் எல்லை. இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை, அதற்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு கோவில். சிகாகோவில் அந்த வரைபடத்தின் மேலேயே இன்னொரு வரைபடம் வரையப்பட்டது. எந்த மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்கிறாயோ, அந்த மொழிக்கு ஒரு கோவில். பூசை எல்லா இடத்திலும் இலத்தீன்தான். ஆனால் பிரசங்கம், பாட்டு, பள்ளிக்கூடம், சாவு வீட்டு ஆறுதல் எல்லாம் தாய்மொழியில். மாட்டுத் தொழுவங்களும் இறைச்சி ஆலைகளும் இருந்த ‘பேக் ஆஃப் த யார்ட்ஸ்’ பகுதிக்குப் போனால் இது புரியும். நடந்து போகும் தூரத்துக்குள் ஐரிஷ், ஜெர்மன், செக், லித்துவேனிய, ஸ்லோவாக்கியக் கோவில்கள். போலந்துக்காரர்களுக்கு மட்டும் மூன்று. அத்தனை பேரும் வாரம் முழுக்க ஒரே ஆலையின் இரத்தத் தரையில் தோளோடு தோள் நின்றவர்கள்.

பள்ளிக்கூடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1884-ல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், ஒவ்வொரு கோவிலுக்குப் பக்கத்திலும் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1889-ல் இலினாய் மாநிலம், முக்கியப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஜெர்மன் கத்தோலிக்கர்களும் ஜெர்மன் லூத்தரன்களும், சாதாரணமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள், சேர்ந்து நின்று எதிர்த்தார்கள். 1892 தேர்தலில் ஆளுநர் மாறினார், 1893-ல் சட்டம் போனது. அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் கன்னியர், அதாவது துறவறப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்த சம்பளம் சம்பளமே இல்லை. கோவில் கட்டியவர்களின் பட்டியலில் அவர்களின் பெயர்கள் அநேகமாக எந்தக் கண்ணாடியிலும் இல்லை என்பது எனக்கு ஆறாத குறை.

1871 அக்டோபர் 8-ம் தேதி இரவு நகரம் எரிந்த கதை எல்லாருக்கும் தெரியும். சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். தீ தொடங்கிய ஓ’லியரி குடும்பத்துத் தொழுவம் திருக்குடும்பப் பங்கின் எல்லைக்குள் இருந்தது. அந்தப் பங்கை 1857-ல் தொடங்கியவர் அர்னால்ட் டாமென் என்ற டச்சு இயேசு சபைக் குரு. 1860-ல் திறந்த அந்தப் பெரிய கோவில், ஐரிஷ் கூலிகளின் காசில் எழுந்தது. தீப்பிடித்த நேரத்தில் டாமென் நியூயார்க் பக்கம் பிரசங்கத்துக்குப் போயிருந்தார். செய்தி கேட்டு, கோவிலும் மக்களின் வீடுகளும் தப்பினால் சகாய மாதா சுரூபத்துக்கு முன் ஏழு விளக்குகளை அணையாமல் எரிய வைப்பதாக நேர்ந்துகொண்டார் என்பது பங்கின் பாரம்பரியம். காற்று தீயை வடகிழக்கே தள்ளியது. கோவில் தப்பியது. ஏழு விளக்குகளும் இன்றும் எரிகின்றன, இப்போது மின்விளக்குகளாக. அதே தீயில் ஜெர்மானியர்களின் புனித மிக்கேல் கோவிலில் மிஞ்சியவை சுவர்கள் மட்டும். வீடிழந்த அந்த மக்கள் ஓராண்டுக்குள் அந்தச் சுவர்களுக்குள்ளேயே கோவிலைத் திரும்பக் கட்டினார்கள். அந்த நேர்ச்சையை விட இந்த ஓராண்டு வேலைதான் என்னை அதிகம் அசைக்கிறது.

எங்கிருந்து பணம் வந்தது? இறைச்சி ஆலையில் தனித் திறன் இல்லாத தொழிலாளிக்கு 1900-களின் தொடக்கத்தில் மணிக்கு 20 சென்ட்டுக்கும் குறைவு. அதுவும் எல்லா நாளும் வேலை இருக்காது. அந்தக் காசில் கோவில், பள்ளி, கன்னியர் மடம், குரு இல்லம் என்று நான்கு கட்டடங்கள். கையில் பணம் சேர்ந்த பிறகு கட்டுவது என்ற பேச்சே கிடையாது. கடன் வாங்கிக் கட்டுவார்கள், பிள்ளைகள் காலத்தில் அடைப்பார்கள்.

இதற்கு நான் பார்த்ததில் பெரிய சாட்சி சிகாகோவில் இல்லை. ஏரிக்கரையோடு ஒன்றரை மணி நேரம் வடக்கே, மில்வாக்கியில் இருக்கிறது. அங்கே புனித யோசபாத் பங்கின் குரு வில்ஹெல்ம் குருட்ஸா, தன் போலந்து மக்களுக்கு ஒரு பெரிய கோவில் கட்ட நினைத்தார். அதே சமயம் சிகாகோவில் மத்திய அரசின் தபால் அலுவலகமும் சுங்க மாளிகையும் இருந்த பெரிய கட்டடத்தை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கட்டி இருபது வருடம்கூட ஆகவில்லை, அடித்தளம் இறங்கிவிட்டது. குருட்ஸா அந்தக் கல், தூண், கைப்பிடி எல்லாவற்றையும் 20,000 டாலருக்கு வாங்கினார். 500 ரயில் பெட்டிகளில் அது மில்வாக்கிக்குப் போனது. கட்டடக் கலைஞர் எர்ஹார்ட் பிரீல்மேயர், வந்து இறங்கிய கற்களுக்கு ஏற்ப வரைபடத்தை அமைத்தார். 1901 ஜூலையில் கோவிலை மந்திரித்துத் திறந்தார்கள். அடுத்த மாதமே குருட்ஸா இறந்துவிட்டார்.

மிஞ்சியது கடன். கோவிலின் செலவு கணக்கை மீறிப் போயிருந்தது. 1910-ல் மறைமாவட்டம் அதை பிரான்சிஸ்கன் சபைக் குருக்களிடம் ஒப்படைத்தது. ஆலைத் தொழிலாளர்கள் 1925 வரை கொடுத்துக் கொடுத்து அடைத்தார்கள். 1929-ல் அது பசிலிக்கா ஆனது, அது ரோம் தரும் ஒரு சிறப்புப் பட்டம். கதவுக் கைப்பிடிகளில் இன்னும் அமெரிக்கக் கருவூலத் துறையின் முத்திரை இருக்கிறது. அந்தக் கைப்பிடியைத் தொட்டபோது எனக்கு ரோமாபுரியோ குவிமாடமோ நினைவுக்கு வரவில்லை. கால் நூற்றாண்டு வாரக்கூலியில் பிடித்துக் கொடுத்தவர்களைத்தான் நினைத்தேன்.

இப்படிக் கொடுத்தவர்கள், பத்திரம் எங்கே என்று ஒரு நாள் கேட்காமல் இருப்பார்களா?

கேட்டார்கள். அதுவும் மிகச் சீக்கிரம். ஸ்தனிஸ்லாஸ் கோவிலிலிருந்து இரண்டே தெரு தள்ளி, 1873-ல் இன்னொரு போலந்துக் கோவில் எழுந்தது. திரித்துவக் கோவில். கட்டியவர்கள் பொதுநிலையினர் சங்கத்தினர். கோவில் எங்கள் பெயரில், எங்கள் சொந்தக் குருவோடு தனிப் பங்காக இருக்க வேண்டும் என்றார்கள். ஸ்தனிஸ்லாஸின் பங்குத்தந்தை வின்சென்ட் பர்ஸின்ஸ்கியோ அது தன் பங்கின் துணைக் கோவில் மட்டுமே என்று நின்றார். சாதாரண ஆள் அல்ல அவர். 1874 முதல் 1899-ல் இறக்கும் வரை அந்தப் பங்கை நடத்தி, வேறு பல போலந்துப் பங்குகளுக்கும் வித்திட்டவர். இரண்டு பக்கமும் தனித்தனி அமைப்புகள் இருந்தன. கோவிலையே முதலில் வைத்த போலந்து ரோமன் கத்தோலிக்க ஒன்றியம் ஒரு பக்கம், நாட்டு விடுதலையை முதலில் வைத்த போலந்து தேசியக் கூட்டணி மறுபக்கம். பெயருக்கு ஒரு போலந்து நாடே அப்போது வரைபடத்தில் இல்லை. அதனால் கோவில்தான் அவர்களுக்கு நாடாகவும் இருந்தது. சண்டை இருபது ஆண்டு நீடித்தது. கோவில் பூட்டப்பட்டது, திறக்கப்பட்டது, மறுபடியும் பூட்டப்பட்டது. கடைசியில் 1893-ல் திருத்தந்தையின் (போப்பின்) தூதர் சத்தோலியே வந்து, திருச்சிலுவைச் சபைக் குருக்களின் பொறுப்பில் அதைத் தனிப் பங்காகத் திறந்து வைத்தார். பத்திரம் ஆயரிடம் போனது. கோவில் மக்களுக்குக் கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. 1895-ல் புனித எட்விஜ் பங்கில் கலவரமே மூண்டு காவல்துறை வந்தது. அங்கே துணைக் குருவாக இருந்த அந்தோனி கோஸ்லோவ்ஸ்கியின் பின்னால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறி, ‘அனைத்துப் புனிதர்கள்’ என்று சொந்தக் கோவில் கட்டினார்கள். 1897-ல் அவர் ரோமின் அனுமதியில்லாமல் ஆயராகவும் ஆனார். பென்சில்வேனியாவில் கிளம்பிய இதே மாதிரி இயக்கத்தோடு பின்னால் இவர்கள் சேர்ந்துகொண்டார்கள். போலந்து தேசியக் கத்தோலிக்கத் திருச்சபை என்று அது இன்றும் இருக்கிறது. அவர்கள் முதன்மையாகக் கேட்டவற்றில் ஒன்று, கோவில் சொத்து பங்கு மக்களின் கையில் இருக்க வேண்டும் என்பது. விசுவாசப் பிரமாணத்தைப் பற்றி அவர்களுக்கு ரோமோடு தகராறு இருந்ததாகத் தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பிரிவைத் தவிர்த்திருக்கலாம் என்றே நான் நம்புகிறேன்.

1916-ல் பேராயராக வந்த ஜார்ஜ் மண்டலைன் நிர்வாகி. கணக்கை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார். பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார். புதிதாக மொழிப் பங்குகள் தொடங்குவதைக் கூடுமானவரை தவிர்த்தார். ஜெர்மானியர்களும் போலந்துக்காரர்களும் பொருமினார்கள். அவர் காலத்தில் கடன் மலிவாகக் கிடைத்தது, புறநகர்களில் கோவில்கள் பெருகின என்பதும் உண்மை.

இதுவரை நான் கட்டியவர்கள் பக்கமே பேசிவிட்டேன். ‘இது எங்கள் கோவில்’ என்ற அதே பேச்சின் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

அகஸ்டஸ் டோல்டன் 1854-ல் மிசூரியில் அடிமையாகப் பிறந்தவர். தாய் பிள்ளைகளோடு தப்பி, மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இலினாயின் குவின்ஸி ஊருக்கு வந்தார். குருவாக விரும்பிய டோல்டனை அமெரிக்காவின் எந்தக் குருமடமும் சேர்க்கவில்லை. ரோமில் படித்து 1886-ல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். குவின்ஸிக்குத் திரும்பினால், அவருடைய பிரசங்கத்துக்கு வெள்ளையர்களும் வருகிறார்கள் என்று பக்கத்துப் பங்கிலிருந்து எதிர்ப்பு. 1889-ல் சிகாகோவுக்கு வந்து, கறுப்பின மக்களுக்காகப் புனித மோனிக்கா பங்கை உருவாக்கினார். மக்கள் ஏழைகளிலும் ஏழைகள். 1894-ல் திறந்த கோவில் முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. 1897 ஜூலையில், கடும் வெயிலில், குருக்களின் தியானம் முடிந்து ரயிலிறங்கி நடந்து வந்தவர் தெருவில் விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 43. 2019-ல் திருத்தந்தை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார், புனிதர் பட்டத்துக்கு முந்தைய ஒரு படி அது.

முதல் உலகப் போர் சமயத்திலிருந்து தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் சிகாகோவுக்குப் பெருவாரியாக வந்தார்கள். 1917-ல் மண்டலைன் மோனிக்கா பங்கைக் கறுப்பினத்தவர்களுக்கு என்று ஒதுக்கினார். ஒதுக்கினார் என்றால், மற்றக் கோவில்களின் கதவு அவர்களுக்கு இறுகியது என்று பொருள்.

சிகாகோவின் தென்பகுதியில் ஒருவரை எந்த இடம் என்று கேட்டால் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார், பங்கின் பெயரைச் சொல்வார். இதை வயதானவர்களிடம் இன்றும் கேட்கலாம். ஐரிஷ் பிள்ளைக்குக் கோவில், பள்ளி, கூடைப்பந்து, காதல், கல்யாணம் எல்லாம் பத்துத் தெருவுக்குள். வீடும் கோவிலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கோவிலின் கடனும் அந்த வீடுகளின் மேல்தான். அதனால் பக்கத்துத் தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருகிறது என்றால், அது பங்கையே அழிக்க வருகிற ஆபத்தாகத் தெரிந்தது. 1949 நவம்பரில் விசிட்டேஷன் பங்கின் எல்லைக்குள், பியோரியா தெருவில், ஒரு வீட்டுக்குக் கறுப்பின விருந்தினர்கள் வந்ததைப் பார்த்து வீட்டை அவர்களுக்கு விற்கிறார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் கூடி, நாள்கணக்கில் கலவரம் செய்தார்கள். 1966 கோடையில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டுரிமைக்காக மார்க்கெட் (Marquette) பார்க் பகுதியில் ஊர்வலம் நடத்தியபோது அவர் தலையில் கல் பட்டது. அந்த ஊர்வலங்களில் நடந்த ஒரு கன்னியர் மேலும் கல் விழுந்தது. எறிந்தவர்களில் பலர் ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கியவர்கள்.

என் மதத்தின் வரலாறு என்பதால் இதை எழுதும்போது வலிக்கிறது. கொடுத்தவனுக்கு உரிமை உண்டு என்று நான் நம்புகிறேன். அந்த உரிமை மற்றவனைத் தடுக்கும் உரிமை ஆகாது என்பதையும் அதே அளவுக்கு நம்புகிறேன். அந்த வெள்ளைக் குடும்பங்கள் சில ஆண்டுகளில் புறநகர்களுக்குப் போய்விட்டன. ஐரிஷ்காரர்கள் கட்டிய புனித சபீனா கோவில் இன்று நகரின் பேர்பெற்ற கறுப்பினப் பங்கு. பீடத்தின் பின்னால் கறுப்பு இயேசுவின் பெரிய ஓவியம். 1981 முதல் அங்கே பங்குத்தந்தையாக இருக்கும் மைக்கேல் ஃப்ளேகர் ஒரு வெள்ளையர். துப்பாக்கி வன்முறைக்கு எதிரான அவருடைய ஊர்வலங்களை நகரமே அறியும்.

மெக்சிகோ மக்களின் கதை வேறு மாதிரி. தென் சிகாகோ இரும்பாலைகளுக்கு வந்தவர்கள் 1920-களில் குவாடலூப்பே அன்னை பங்கை உருவாக்கினார்கள். நகரின் மேற்கே, ரூசவெல்ட் சாலையில், ஜெர்மானியர்கள் கட்டிய புனித பிரான்சிஸ் அசிசி கோவிலில் அதே காலத்தில் ஸ்பானிஷ் பிரசங்கம் தொடங்கியது. அது மெக்சிகோ மக்களின் தாய்க் கோவிலாகவே ஆகிவிட்டது. 1960-களில் இலினாய் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காகச் சுற்றியிருந்த குடியிருப்புகளை இடித்தார்கள். மக்கள் பில்சன் பகுதிக்கும் அதைத் தாண்டியும் போனார்கள். ஆனாலும் ஞாயிறு ஆனால் பழைய கோவிலுக்கே வந்தார்கள்.

1994-ல் மறைமாவட்டம் அந்தக் கோவிலை மூடியது. மக்கள் பூட்டிய கதவுக்கு வெளியே கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். 1996 பிப்ரவரியில் இடிக்கும் வேலை தொடங்கியது. குளிரில் நின்றவர்கள் உள்ளே புகுந்து, கோவிலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் மறைமாவட்டம் இறங்கி வந்தது. கோவில் திரும்பத் திறந்தது. இந்த மக்கள் அந்தக் கோவிலைக் கட்டியவர்கள் அல்லர், கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அல்லர். எழுபது ஆண்டு அங்கே ஞானஸ்நானம் வாங்கி, மணம் முடித்து, இறந்தவர்களைத் தூக்கிப் போனவர்கள். என்னைக் கேட்டால், அதுவும் பத்திரம்தான்.

திருக்குடும்பக் கோவிலும் அதே காலத்தில் இடிபட இருந்தது. 1990 டிசம்பர் கடைசிக்குள் பத்து லட்சம் டாலர் திரட்டினால் விட்டுவிடுவோம் என்று இயேசு சபையினர் கெடு வைத்தார்கள். ஜெபமும் பணமும் அனுப்புங்கள் என்று ஊரெல்லாம் கேட்டார்கள். கெடுவுக்குள் பணம் வந்து சேர்ந்தது.

புனித அடால்பெர்ட் கோவிலுக்கு அப்படி நடக்கவில்லை. பில்சனில் 1914-ல் போலந்துக்காரர்கள் எழுப்பிய கோவில் அது. கட்டடக் கலைஞர் ஹென்றி ஷ்லாக்ஸ் வரைந்தது. 185 அடி இரட்டைக் கோபுரங்கள். கோபுரங்களைப் பழுதுபார்க்கப் பல லட்சம் டாலர் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சாரம் கட்டியே நின்றது. 2019 ஜூலையில் கடைசிப் பூசை. போலிஷ் பேசும் பாட்டிகளும் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களும் சேர்ந்து வாசலில் ஜெபமாலை சொன்னார்கள், ரோமுக்கு மேல்முறையீடு செய்தார்கள். 2022 இறுதியில் உள்ளே இருந்த வியாகுல மாதா சுரூபத்தை வெளியே எடுத்தபோதும் எதிர்த்து நின்றார்கள். சுரூபம் பக்கத்துப் புனித பவுல் கோவிலுக்குப் போனது.

2016-ல் கர்தினால் சூபிச் தொடங்கிய மறுசீரமைப்பில் ஏறத்தாழ 340 பங்குகள் இருந்தன. இணைத்து, மூடி, இப்போது சுமார் 220. நான் மறைமாவட்டத்தைக் கொடியவர்களாகப் பார்க்கவில்லை. குருக்கள் குறைந்துவிட்டார்கள், கூரைகள் ஒழுகுகின்றன, ஐம்பது பேர் வரும் பூசைக்கு ஆயிரம் பேர் உட்காரும் கோவிலைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் உண்மையான கஷ்டம். நான் கேட்பது ஒன்றுதான். மூடுவதற்கு முன், அந்தப் பங்கின் முழுக் கணக்கையும் பங்கு மக்கள் முன்னால் விரித்து வைத்து, திரட்டிக் காட்ட ஒரு கெடு கொடுங்கள். திருக்குடும்பத்துக்குக் கொடுத்த மாதிரி. அப்போதும் முடியவில்லை என்றால் மக்கள் அழுதுகொண்டாவது ஏற்பார்கள்.

மூடிய கோவிலை என்ன செய்வது என்பதற்கும் நல்ல வழிகள் உண்டு. மாட்டுத் தொழுவங்களுக்குப் பக்கத்திலிருந்த போலந்துக்காரர்களின் இறைவனின் அருளப்பர் கோவில் 1990-களில் மூடப்பட்டது. விஸ்கான்சின் எல்லையருகே ஓல்டு மில் கிரீக்கில் ஒரு புதுப் பங்கு, அதன் சுண்ணாம்புக்கல் முகப்பைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய்த் தங்கள் கோவிலுக்கு முகப்பாக வைத்தது. உள் அலங்காரம் மூடப்பட்ட இன்னொரு சிகாகோ கோவிலிலிருந்து வந்தது. பழைய பத்திரிக் கோவிலில் 1983-ல் பதிவு செய்த உறுப்பினர்கள் நான்கே பேர். புதுக் குரு வந்தார், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். போலந்துக்காரர்களின் புனித யோவான் கான்சியுஸ் கோவில் கிட்டத்தட்ட காலியாகி, இலத்தீன் பூசையாலும் இசையாலும் நிரம்பியது. ஒன்றுக்குச் சரிப்பட்டது மற்றதற்குச் சரிப்படாது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து 1983-ல் முடிவெடுத்திருந்தால் பத்திரிக் கோவில் இன்று இல்லை.

2025 மே மாதம் ராபர்ட் பிரிவோஸ்ட் திருத்தந்தை பதினான்காம் லியோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சிகாகோவின் தெற்கு ஓரத்தில் 137-வது தெருவுக்கு நிருபர்கள் ஓடினார்கள். அவர் பூசையில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவனாக இருந்த விண்ணேற்பு அன்னை பங்கு அங்கேதான் இருந்தது. பங்கு எப்போதோ மூடியாகிவிட்டது. கட்டடம் மட்டும் ஓட்டை விழுந்த கூரையோடும் கிறுக்கிய சுவர்களோடும் நின்றது. உடனே அதைக் காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பக்கத்து ஊரான டால்டனில் அவர் வளர்ந்த சின்ன செங்கல் வீட்டை அந்த ஊராட்சியே வாங்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்ற மற்றப் பிள்ளைகளுக்கும் அது அவ்வளவே சொந்தமாக இருந்தது.

புதுக் கோவில்களும் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்தியர்களின் கதையும் இதில் சேர்ந்துவிட்டது. 2001-ல், கேரளத்தில் வேர்கொண்ட கத்தோலிக்கப் பிரிவான சீரோ மலபார் திருச்சபைக்கு இந்தியாவுக்கு வெளியே முதல் மறைமாவட்டம் புனித தோமையார் பெயரில் சிகாகோவில் அமைந்தது. மேற்குப் புறநகரான பெல்வுட்டில் அதன் பேராலயத்தைக் கேரளக் குடும்பங்கள் எழுப்பினார்கள். செவிலியராக வந்த பெண்களின் உழைப்பு அந்தச் சமூகத்தின் அடித்தளம். மலையாளத்தில் திருப்பலி, மலையாளத்தில் மறைக்கல்வி, திருவிழாவுக்கு முத்துக்குடையும் செண்டை மேளமும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஆங்கிலத் திருப்பலியும் நடக்கிறது.